டெல்ஃபினிடம் யாரும் பேசாத நேரம்

பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமரின் ‘பச்சைக் கதிர்’ (1986) பற்றிப் பேச்சு வந்தால் இதமான படம், கவித்துவமான நகைச்சுவை என்றெல்லாம் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன். ஆனால் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். படம் ஓடும் நேரத்தில் முக்கால்வாசி எனக்கு டெல்ஃபின் என்ற அந்தப் பெண்ணின் மேல் எரிச்சல்தான். ஊஞ்சலில் ஒரு தரம் ஏறிப் பார்த்தால் என்ன? அந்தப் பையன் பார்க்க நல்லவனாகத்தானே இருக்கிறான், இரண்டு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்? மலைக்குப் போனவள் ஒரு ராத்திரியாவது தங்கியிருக்கக் கூடாதா? இப்படி நான் திரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே, அதே கேள்வியைத் திரைக்குள் இருக்கும் யாரோ அவளிடம் கேட்டுவிடுகிறார்கள். என் நாக்கு நுனியில் இருந்த வாக்கியம் அவளுடைய தோழியின் வாயிலிருந்து வருகிறது, அதுவும் நான் சொல்லியிருக்கக்கூடியதைவிடக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு. கதாபாத்திரத்தோடு ஒன்றிப்போவது என்று சொல்வார்களே, இங்கே நான் ஒன்றிப்போவது அவளோடு இல்லை. அவளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களோடு. இந்தச் சங்கடம் படம் முடிந்த பிறகும் போகவில்லை. ரோமர் இதைத் தெரிந்தேதான் செய்தாரா, அல்லது என்னைப் போன்றவர்கள் இயல்பாகவே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறோமா என்று இன்னும் பிடிபடவில்லை.

டெல்ஃபின் பாரிஸில் ஒரு அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்க்கிறாள். கிரேக்கத்துக்குக் கூட வருவதாகச் சொன்ன தோழி, விடுமுறை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, வரவில்லை என்கிறாள். காதலன் ஒருவன் இருந்தான், எப்போதோ பிரிந்துபோய்விட்டான். அது முழுதாக முடிந்துவிடவில்லை என்று இவள் மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவுதான் நடந்தது. இதற்காக ஒருத்தி இத்தனை அழ வேண்டுமா என்று கேட்பதற்கு முன், பிரான்ஸின் ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்கு வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் கொண்டுவந்தது. அது வளர்ந்து 1982இல் ஐந்து வாரமாகியது. பாரிஸ் காலியாகிவிடும், ரொட்டிக்கடைகூடக் கதவைச் சாத்திவிட்டு ஊருக்குப் போய்விடும். உரிமையாகக் கேட்டு வாங்கிய ஒன்று அரை நூற்றாண்டில் கிட்டத்தட்டக் கடமையாகிவிட்டது. எங்கே போகிறாய் என்று எல்லோரும் எல்லோரையும் கேட்கும் ஒரு மாதத்தில், போக இடம் இல்லை என்பது பணத்தின் பிரச்சினை அல்ல. அழைக்க ஆள் இல்லை என்பதை ஊரறியச் சொல்வது அது. படம் நாள்காட்டித் தாள் போலக் கையால் எழுதிய தேதிகளோடு நகர்கிறது, ஜூலை 2 திங்கட்கிழமை முதல் ஆகஸ்ட் 4 வரை. ஒவ்வொரு தேதியும் திரையில் வந்து போகும்போது விடுமுறை கரைகிறதே என்ற பதைப்பு அவளுக்கு இருக்கிறதோ இல்லையோ, எனக்கு வந்துவிடுகிறது.

அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. குடும்பத்தினர் அயர்லாந்துக்கு எங்களோடு வா என்கிறார்கள். ஒரு முற்றத்தில் தோழிகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் பெயாட்ரிஸ் என்பவள் டெல்ஃபினைக் கிட்டத்தட்டக் குறுக்கு விசாரணை செய்கிறாள்: நீ சோகமாக இருக்கிறாய், நீ முயற்சியே செய்வதில்லை, வெளியே போ, யாரையாவது பார். நடித்திருப்பவர் பெயாட்ரிஸ் ரொமான். 1970இல் ‘கிளேரின் முழங்கால்’ படத்தில் துடுக்கான பள்ளிச் சிறுமியாக வந்தவர், அந்தத் துடுக்கு அப்படியே முற்றி வந்து நிற்கிறது. அவள் சொல்வதில் பொய் என்று எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியாதது. டெல்ஃபின் தன் பக்கத்தைச் சொல்ல வாய் திறக்கிறாள், பாதியில் வாக்கியம் உடைகிறது, இன்னொன்றைத் தொடங்குகிறாள், அதுவும் உடைகிறது, பிறகு அழுகை. வசனம் பெரும்பாலும் எழுதி வைக்கப்பட்டதல்ல. டெல்ஃபினாக நடித்த மரி ரிவியேர் படப்பிடிப்பிலேயே பேசிப் பேசி உருவாக்கியது. படத்தின் பெயர்ப் பட்டியலிலும் அந்தப் பங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. எழுதி வைத்த வசனமாக இருந்திருந்தால் அவளுக்கு நல்ல பதில் ஒன்று கிடைத்திருக்கும். எழுத்தாளர்கள் இரக்கப்பட்டு அப்படி ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே அவளுக்கு வாய்த்தது நமக்கு வாய்ப்பதுதான்: பேச வேண்டிய நேரத்தில் வராத சொல்.

ஷெர்பூரில் ஒரு தோழியின் குடும்பத்தோடு போய்த் தங்குகிறாள். அங்கே வரும் சாப்பாட்டுக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பன்றி இறைச்சி பரிமாறப்படுகிறது. அவள் இறைச்சி சாப்பிடுவதில்லை என்கிறாள். ஏன் என்று கேட்கிறார்கள். நம் ஊரில் சைவம் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை, கேட்காமலே சாதியைக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அங்கே அது தனி ஒருத்தியின் விசித்திரம், விளக்கியே ஆக வேண்டும். அவளும் விளக்க முயல்கிறாள். மிருகம், ரத்தம், செடி, காற்று என்று எங்கெங்கோ போய், லெட்டூஸ் கீரையைத் தன் சிநேகிதி என்று சொல்லிவிடுகிறாள். சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்கும்படிதான் இருக்கிறது. ஆனால் மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவளைப் புண்படுத்தும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை, ஆர்வத்தோடுதான் கேட்கிறார்கள். ரோமர் பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளோடு மிகச் சிறிய குழுவை அழைத்துக்கொண்டு உண்மையான வீடுகளுக்கும் உண்மையான கடற்கரைகளுக்கும் போனார். ஒளிப்பதிவு சோஃபி மென்டின்யோ, ஒலிப்பதிவு க்லோதின் நூகரே, இருவரும் அப்போது இளம் பெண்கள். அந்த மேஜையில் இருந்தவர்களில் பலர் தொழில்முறை நடிகர்கள் அல்ல. ஆகவே அவர்கள் முகத்தில் தெரியும் அந்த லேசான பொறுமையின்மை நடிப்பா, நிஜமாகவே ரிவியேரின் பேச்சால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. அந்தப் பொறுமையின்மை எனக்குப் பரிச்சயமானது, ஏனென்றால் அது என்னுடையது.

அதற்குப் பிறகு அவள் தனியாக நடக்கப் போகிறாள். வயல் ஓரம், வேலி, ஒரு மரக்கதவு, அதற்கு அப்பால் போக வழியில்லை. காற்று அடிக்கிறது. மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்கின்றன, இலைகளின் அடிப்பக்கம் வெளுத்துத் தெரிகிறது. இசை இல்லை. அவள் அந்த இலைகளைப் பார்த்தபடி நிற்கிறாள், பிறகு அழுகிறாள். காரணம் சொல்லப்படவில்லை, சொல்லும்படி ஒன்றும் நடக்கவும் இல்லை. ரோமர் பேச்சின் இயக்குநர் என்று பெயரெடுத்தவர். அவருடைய படங்களில் மனிதர்கள் பேசித் தீர்ப்பார்கள், ‘மோட் வீட்டில் ஓர் இரவு’ படத்தில் தத்துவஞானி பாஸ்கலைப் பற்றியே ஒரு ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். அப்படிப்பட்டவர் இங்கே வாயை மூடிக்கொண்டு காற்றுக்கு ஒலிவாங்கியை நீட்டிவிட்டுக் காத்திருக்கிறார். நூகரே பதிவு செய்த அந்த இரைச்சல் அழகுபடுத்தப்படாத இரைச்சல், கொஞ்சம் காது அடைப்பது போலக்கூட இருக்கும். படத்தில் அவளை யாரும் எதுவும் கேட்காத முதல் இடம் இது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அழுகிறவளைப் பார்த்து ஏன் அழுகிறாய் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கேட்டிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள், மன்னிப்புக் கேட்டிருப்பாள், ஒன்றுமில்லை என்றிருப்பாள்.

லா பிளாஞ் என்ற மலையூருக்குப் போகிறாள். பழைய காதலன் வழியாகக் கிடைத்த இடம். பனியின் விளிம்பு வரை ஏறிப் பார்க்கிறாள், இறங்குகிறாள், அன்றைக்கே பாரிஸுக்குத் திரும்பிவிடுகிறாள். இத்தனை தூரம் ரயிலில் போய்விட்டு அதே நாளில் திரும்புவதை ரோமர் எந்த அழுத்தமும் இல்லாமல் சட்டென்று கடந்துவிடுகிறார். படத்திலேயே வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பயணம் என்றால் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. இவளுடையதோ திரும்பி வருவதற்கென்றே புறப்படுவதாக இருக்கிறது. பிறகு ஒரு தோழி சாவி கொடுக்க, பியாரிட்ஸ் கடற்கரை. வெயிலில் வரிசையாகக் கிடக்கும் உடல்கள், அலையில் குதிக்கும் கூட்டம், அதற்குள் இவளும் நீரில் இறங்கி நிற்கிறாள். சுற்றிலும் இத்தனை தோள்கள், ஒன்றுகூட இவளுக்குத் தெரிந்ததல்ல. அங்கே லேனா என்ற சுவீடன் பெண் அறிமுகமாகிறாள். மேலாடை இல்லாமல் வெயில் காய்கிறவள், பல மொழிகளில் விளையாடுகிறவள், ஆண்களிடம் பேசுவதைச் சீட்டாட்டமாகச் சொல்லிக்கொடுக்கிறாள், எல்லாச் சீட்டையும் உடனே காட்டிவிடாதே என்று. எனக்கு லேனாவைப் பிடிக்கும். பார்க்கிற யாருக்கும் பிடிக்கும். டெல்ஃபின் அவளோடு ஒரு கஃபேயில் உட்கார்ந்து, இரண்டு இளைஞர்கள் வந்து சேர்ந்து, சிரிப்பும் கிண்டலும் மும்முரமாகும்போது, திடீரென்று எழுந்து ஓடிவிடுகிறாள். என் கையில் காட்டச் சீட்டே இல்லை என்று அவள் சொல்லும் ஒரு வகை ஒப்புதல் அந்த ஓட்டத்தில் இருக்கிறது. மறுபடி எரிச்சல். ஆனால் இந்த முறை அந்த எரிச்சலோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது: நான் லேனாவைப் போல இருக்கச் சொல்கிறேனே, என்னால் அப்படி ஒரு மேஜையில் எத்தனை நேரம் உட்கார முடியும்?

பியாரிட்ஸில் இன்னொரு காட்சி இருக்கிறது. என் உறுத்தலின் நுனி இங்கேதான் கையில் அகப்படுகிறது. கடலோரம் சில வயதானவர்கள் உட்கார்ந்து ழூல் வெர்ன் 1882இல் எழுதிய ‘பச்சைக் கதிர்’ நாவலைப் பற்றிப் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரி ஹெலினா, அந்தக் கதிரைப் பார்க்காமல் கல்யாணம் இல்லை என்று அடம்பிடித்து இரண்டு மாமாக்களையும் கடலோரமெல்லாம் அலைய வைப்பவள். அந்தக் கதிரைப் பார்க்கிறவருக்குத் தன் மனமும் பிறர் மனமும் தெளிவாகத் தெரிந்துவிடும் என்பது நாவல் சொல்லும் ஐதீகம். கூட்டத்தில் இருக்கும் அறிவியல் தெரிந்த ஒரு பெரியவர் நிதானமாக விளக்குகிறார். காற்றுமண்டலம் ஒளியை வளைக்கிறது, ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வேறு அளவில். அடிவானத்தைத் தொடும் சூரியனை நாம் பார்க்கும்போது உண்மையான சூரியன் ஏற்கெனவே அதற்குக் கீழே இறங்கியிருக்கிறது. சிவப்பு முதலில் போகும், நீலம் வழியிலேயே சிதறிவிடும், கடைசியாக மேல்விளிம்பில் மிஞ்சுவது பச்சை, ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. வானம் துப்புரவாக இருக்க வேண்டும். டெல்ஃபின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவர்களுக்கு அவளைத் தெரியாது. யாரும் அவளைப் பார்த்துப் பேசவில்லை. அவளுக்கு என்ன தேவை என்று அங்கே ஒருவருக்கும் கருத்து இல்லை.

அத்தனை பேர் அவளுக்காகவே பேசிய அத்தனை பேச்சும் அவள் மேல் பட்டுத் தெறித்துப் போயிற்று. அவளுக்கென்று சொல்லப்படாத ஒன்று போய்த் தங்கிவிட்டது. இதை ஒரு கோட்பாடாக்க எனக்குத் துணிவில்லை. ஆனாலும் தனிமையில் இருக்கிறவரிடம் நாம் பேசும் பேச்சில் எப்போதும் ஒரு கோரிக்கை ஒளிந்திருக்கிறது. நீ இப்படி இருப்பது எங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது, சீக்கிரம் சரியாகிவிடு என்ற கோரிக்கை. பெயாட்ரிஸின் குரலில் அது வெளிப்படையாகக் கேட்கிறது, ஷெர்பூர் மேஜையில் மரியாதைக்குள் மறைந்து நிற்கிறது, லேனாவின் சிரிப்பில் அது விளையாட்டாகிறது. அந்த வயதானவர்களின் பேச்சில் மட்டும் அது இல்லை. அவர்களுக்குப் புத்தகமும் கடலும் ஒளிவிலகலும்தான் முக்கியம். ஒட்டுக்கேட்பது அநாகரிகம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் சினிமா பார்ப்பது அதைத் தவிர வேறென்ன? திரையில் இருப்பவர்கள் நம்மிடம் பேசுவதில்லை, அதனால்தான் அவர்கள் சொல்வது நமக்குள் இறங்குகிறது. அந்த ஒரு காட்சியில் டெல்ஃபின் பார்வையாளராகிவிடுகிறாள், நாமும் அவளும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். என் எரிச்சல் அடங்குவது அங்கேதான்.

இதையெல்லாம் மீறி ஒரு சந்தேகம் கிடக்கிறது. படத்தில் இரண்டு தடவை அவள் தெருவில் கிடக்கும் சீட்டைக் கண்டெடுக்கிறாள், பாரிஸில் இஸ்பேட் ராணி, பிறகு பியாரிட்ஸில் ஆட்டின் ஜாக்கி. கறுப்பு ராணி துரதிர்ஷ்டம், சிவப்பு ஜாக்கி வரப்போகும் இளைஞன் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். படத்தில் இசை அபூர்வம், அது தலைகாட்டுவதும் இப்படிப்பட்ட சமயங்களில்தான். அந்த வருடம் அவளுக்குப் பச்சை நிறம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவளும் பச்சையைத் தேடிக்கொண்டே நடக்கிறாள். காற்றையும் அழுகையையும் அவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்த ஒரு படம் எதற்காக ஜோசியத்தின் பக்கம் சாய்கிறது? ரோமர் நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர், தற்செயல் என்பதை அவர் எப்போதும் கொஞ்சம் மரியாதையோடுதான் நடத்துவார் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. யாரும் எழுதாத கடிதத்துக்காகக் காத்திருப்பவர் தெருவில் கிடக்கும் காகிதத்தையெல்லாம் குனிந்து எடுக்கத்தான் செய்வார். சீட்டு அவளுக்காகப் போடப்பட்டதா என்று படம் சொல்வதில்லை. அவள் குனிகிறாள் என்பதை மட்டும் காட்டுகிறது. ஆனால் அந்த இசை? இசை அவளுடைய கட்சியில் சேர்ந்துவிடுகிறதே என்று ஒவ்வொரு முறையும் முரண்டுபிடிக்கிறேன்.

கடைசியில் ஒரு ஆண் வருகிறான். தோழிகள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடவில்லையா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பாரிஸுக்குத் திரும்ப பியாரிட்ஸ் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து தாஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ படித்துக்கொண்டிருக்கிறாள். எதிரே ஒரு இளைஞன், மரவேலை கற்பவன். புத்தகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அவன் பக்கத்து ஊரான சான்-ழான்-த-லூஸுக்குப் போகிறான் என்று தெரிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்பது அவள். இத்தனை நாளும் வா வா என்று இழுத்தவர்களிடமெல்லாம் வேண்டாம் என்றவள், யாரும் கூப்பிடாத இடத்துக்குத் தானாகப் போகக் கேட்கிறாள். லேனா கற்றுக்கொடுத்த எந்தத் தந்திரமும் அந்தக் கேள்வியில் இல்லை, ஒளித்து வைக்கச் சீட்டும் இல்லை. அங்கே கடற்கரையில் ஒரு கடைக்குப் ‘பச்சைக் கதிர்’ என்று பெயர் இருப்பதைப் பார்க்கிறாள். மேட்டில் இருவரும் உட்காருகிறார்கள். சில நாள் தன்னோடு பயோனுக்கு வரும்படி அவன் கேட்கிறான். அவள் பதில் சொல்லவில்லை, பொறுங்கள் என்கிறாள். சூரியன் இறங்குகிறது. வெர்னின் நாவலில் ஹெலினாவும் அவளுடைய காதலனும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து, தேடித் தேடி அலைந்த அந்தக் கதிரைக் கடைசி நொடியில் தவறவிட்டுவிடுவார்கள். ரோமர் தன் ஜோடியை அந்தப் பக்கம் விடவில்லை. இவர்கள் கடலையே பார்க்கிறார்கள், தோளோடு தோள் ஒட்டியிருந்தாலும்.

அந்தக் கதிர் அன்று அந்தக் கரையில் எடுக்கப்பட்டதல்ல. குழுவுக்கு அது கிடைக்கவில்லை. பிறகு கேனரித் தீவுகளில் தனியாக எடுத்த துண்டு சேர்க்கப்பட்டது. இதை முதலில் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது, பிறகு அந்த ஏமாற்றமே அசட்டுத்தனமாகத் தோன்றியது. ஆங்கிலேயக் கலைஞர் டசிடா டீன் 2001இல் மடகாஸ்கர் கரையில் இதே கதிருக்காகப் படச்சுருளோடு காத்திருந்தார். பக்கத்தில் வீடியோவில் பதிவு செய்தவர்கள் ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்து, கதிரே வரவில்லை, இதோ ஆதாரம் என்றார்கள். டீன் பார்த்ததாகச் சொன்னார். அவருடைய படச்சுருளில், சட்டகம் சட்டகமாகப் பார்த்தாலும் பிடித்து வைக்க முடியாத ஒன்றாக, அது இருக்கிறது என்றார். ரோமரின் படமும் திரையரங்குக்கு வருவதற்குச் சில நாள் முன்பு கட்டணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அன்றைய பெட்டிகளின் சின்னத் திரையில், வரவேற்பறை விளக்கு வெளிச்சத்தில், எத்தனை வீடுகளில் அந்தப் பச்சை தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். தெரியாதவர்களுக்கும் ரிவியேரின் முகம் தெரிந்திருக்கும்: விம்மலும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பி, கடைசியில் ஆம் என்று தெறிக்கும் ஒரு சின்னக் கூவல். அந்த ஆம் அவனுக்கா, சூரியனுக்கா? இரண்டில் எதற்கு என்று கேட்பதும் அந்த மேஜைக்காரர்களின் கேள்விதான், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. திங்கட்கிழமை வந்தால் அவள் அலுவலகம் போக வேண்டும். மரவேலை கற்பவன் எப்படிப்பட்டவன் என்று நமக்கு ஒன்றும் தெரியாது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1998இல், ரோமர் ‘இலையுதிர்காலக் கதை’ எடுத்தார். ரோன் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்தில் தனியாக வாழும் விதவை மகாலியாக அதே பெயாட்ரிஸ் ரொமான். அவளுடைய நெருங்கிய தோழி, புத்தகக்கடை நடத்தும் இசபெல்லாக அதே மரி ரிவியேர். இந்த முறை தனிமை ரொமானுக்கு. வீட்டை விட்டு வெளியே வர மறுப்பதும், யாரையும் தேடிப் போக மாட்டேன் என்பதும் அவள் முறை. ரிவியேர் என்ன செய்கிறார்? அறிவுரை சொல்லவில்லை. தோழிக்குத் தெரியாமல் பத்திரிகையில் மணமகன் தேவை என்று விளம்பரம் கொடுக்கிறார், வந்த ஆளைத் தானே மகாலி என்று சொல்லிக்கொண்டு போய்ச் சந்திக்கிறார், சாப்பிட அழைத்துப் போய் அளந்து பார்க்கிறார், கடைசியில் தன் மகளின் கல்யாணத்தில் இருவரையும் தற்செயல் போலச் சந்திக்க வைக்கிறார். விஷயம் வெளிப்பட்டு எல்லாம் குழம்பிக் கிடக்கும்போதும் அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியைவிடக் குறும்புதான் அதிகம். 1986இல் அந்த முற்றத்து மேஜையில் ரொமானின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அழுத அதே முகம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் பார்க்க நேர்ந்தால், ரிவியேரின் சார்பில் கணக்குத் தீர்க்க ரோமர் இத்தனை காலம் பொறுத்திருந்தார் என்றே தோன்றும்.